தங்கமீன்கள் காரணம் தெரியாமல் மடிவதேன்?

விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்தோ, கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி கட்டியோ தங்கமீன் வளர்ப்போர் உளர். சிலர் கண்ணுக்கு இனிமையாக இருக்குமென்று வளர்க்கின்றனர். வேறு சிலர் சென்னைக் கொளத்தூரிலிருந்து குஞ்சுகளை வாங்கி வந்து, பெரிதாக்கி விற்று, விவசாயத்துக்குத் துணைத் தொழிலாக நடத்த முயல்கின்றனர். இரு திறத்தாரும் சொல்லும் குறை ஒன்றே: “நேற்று மாலை வரை நன்றாக ஓடியாடிக் கொண்டிருந்தவை, விடிந்து பார்த்தால் மிதக்கின்றன, உடம்பில் ஒரு காயமுமில்லை.”

இவ்விதம் நேர்ந்ததும் கடைக்காரர் மோசடி செய்தார் என்பாரும், கண்ணேறு பட்டது என்பாரும், தமக்கு மீன் ராசியில்லை என்று கைவிடுவாரும் உண்டு. ஆயின் காரணமின்றி மீன் மடிவதில்லை. காரணம் பெரும்பாலும் மீனிடத்தில் இல்லை. அது வாழும் நீரிலேயே இருக்கிறது. அந்நீரின் தன்மையை அறிந்தவர்க்கு இந்நஷ்டத்தில் பெரும்பகுதி நேராது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

ஓர் உதாரணம்

விஷயம் விளங்கும் பொருட்டு ஒரு குடியானவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் கிணற்றடியில் 1,000 லிட்டர் கொள்ளும் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார். கட்டிய மூன்றாம் நாளே நீர் நிரப்பி ஐம்பது தங்கமீன் குஞ்சுகளை விட்டார். மறுநாளுக்குள் அத்தனையும் மாண்டன. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பலமுறை நீர் மாற்றி, மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஐம்பது குஞ்சுகள் விட்டார். ஒரு வாரம் சுகமாக இருந்தன. எட்டாம் நாள் முதல் தினம் ஐந்தாறாக மடிந்து எல்லாம் தீர்ந்தன. மூன்றாம் முறை பத்து மீன்கள் மட்டும் விட்டார். அவை இரண்டு மாதம் செழித்து வளர்ந்தன. ஒரு நாள் பகலில், நீர் சேர்த்த சில மணி நேரத்துக்குள் பத்தும் துடித்து மடிந்தன.

மூன்று முறையும் ஒரே காரணம் என்று அவர் எண்ணினால் அது இயல்பே. உண்மையில் காரணங்கள் மூன்றும் வெவ்வேறானவை. அவற்றை இறுதியில் காண்போம்.

நீரில் நடப்பது யாது?

மீன் தின்ற இரையின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள் வழியே நீரில் கலக்கிறது. தின்னாமல் விடப்பட்ட இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். ஆற்றிலும் ஏரியிலும் நீர்ப்பரப்பு பெரிது. ஆதலால் அது கரைந்து போகிறது. தொட்டியிலோ போக வழியில்லை. மீன் தன் கழிவினாலேயே விஷமூட்டப்படுகிறது.

இதற்குப் பரிகாரமும் இயற்கையிலேயே உண்டு. நாம் வயலுக்கு இடும் தொழு உரத்திலும் யூரியாவிலும் உள்ள தழைச்சத்து, மண்ணில் அம்மோனியாவாகிப் பின் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். இம்மாற்றத்தைச் செய்வன மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதே இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே மீன்தொட்டியின் சுவரிலும், அடியிலுள்ள கூழாங்கல்லிலும், வடிகட்டும் பஞ்சிலும் குடியேறி அதே வேலையைச் செய்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டு அத்துணைத் தீங்கு செய்வதன்று.

இவ்விரு துறைகளின் உறவு சரித்திரத்திலும் காணப்படுகிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர், இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்துச் செய்த ஆராய்ச்சியை 1850-இல் வெளியிட்டார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று, அவர் நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. தொட்டி என்பது வெறும் பாத்திரமன்று, உயிர்களின் சமநிலை என்பது அதனால் புலனாயிற்று. அவருடைய புதல்வரும் அதே பெயருடையவர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் பணிபுரிந்து, மண்ணில் நைட்ரேட்டு உண்டாவது உயிர்களின் செயலே என்பதையும், அது இரு படிகளில் நடப்பதையும் ஆராய்ந்தவர். அந்நுண்ணுயிர்களை 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி தனியே பிரித்தெடுத்தார். தந்தையின் மீன்தொட்டியும் மைந்தரின் வயலும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

இந்நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதற்குள் நிறைய மீன்களை விட்டால் அம்மோனியா மிகுந்து அவை மடியும். மடிந்ததும் நாம் செய்வது என்ன? தொட்டியைக் காலிசெய்து, கல்லையும் பஞ்சையும் சோப்பிட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்துகிறோம். அப்போதுதான் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிர்களும் ஒழிகின்றன. அடுத்து விடும் மீன்களும் அதே விதியை அடைகின்றன. சுத்தம் என்று எண்ணிச் செய்வதே கேடாக முடிவதை இங்கே கவனிக்க வேண்டும்.

நமது பிரதேசத்தில் ஒரு விசேஷம்

அம்மோனியாவின் விஷம் நீரின் காரத்தன்மையையும் உஷ்ணத்தையும் பொறுத்தது. கார அமில நிலையை பி.எச். எண்ணால் குறிப்பர், 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். நீர் 30 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் இருக்கும்போது, பி.எச். 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷ உருவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். பி.எச். 9 ஆனால் ஏறக்குறைய நாற்பத்துநான்கு பங்கு. கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் காரமும் கடினமும் உள்ளவை. மரக்காணம் போன்ற கடலோரப் பகுதிகளில் உவர்ப்பும் சேரும். ஆதலால் ஓர் ஊரில் கேடு செய்யாத அளவு அம்மோனியா, மற்றோர் ஊரில் மீனைக் கொல்லும். பக்கத்து ஊரார் செய்ததையே செய்தும் நமக்குப் பலிக்காததன் ரகசியம் பலமுறை இதுவே.

மேலும், தங்கமீன் சீனத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும் மீன். குளிர்ந்த நீரை விரும்புவது. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் குறைவு. மீனின் சுவாசத் தேவையோ உஷ்ணத்தோடு கூடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பக்கத்தில் மடிவு அதிகமாவதற்கு இது முக்கிய ஹேது.

மடிவின் காரணங்கள்

1. புதுச் சிமெண்டு. புதுத் தொட்டியின் சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் கடுங்காரமாக்கும். அதில் மீன் சில மணி நேரமே தாங்கும். தொட்டியை நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி, மூன்று வாரமேனும் பதப்படுத்த வேண்டும். வாழைத்தண்டைத் துண்டித்துப் போட்டு ஊறவைத்துப் பின் நன்றாகக் கழுவும் வழக்கமும் உண்டு.

2. குளோரின். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது மக்களின் நலத்துக்கு இன்றியமையாதது; அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அந்தக் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, பின்னரே மீனுக்கு விடவேண்டும். அவசரமாயின் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டை 100 லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து விடலாம். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த நாளில் அந்நீரை மீனுக்கு உபயோகிக்கலாகாது.

3. அப்போதே இறைத்த ஆழ்குழாய் நீர். இதில் பிராணவாயு மிகக் குறைவாகவும், கரியமிலவாயு அதிகமாகவும் இருக்கலாம். சில ஊர்களில் இரும்பும் கலந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது துருவாகிச் செவுளில் படியும். உயரத்திலிருந்து விழச் செய்து, ஒரு நாள் தெளிய வைத்தால் இக்குற்றம் நீங்கும்.

4. பிராணவாயுக் குறைவு. வட்டக் கண்ணாடிக் குடுவையில் நீரின் மேற்பரப்பு சுருங்கியிருப்பதால் காற்றுக் கலப்பது குறைவு. அது தங்கமீனுக்கு ஏற்றதன்று. பாசி மிகுந்த தொட்டியில் பகலில் பிராணவாயு நிறைந்திருந்தாலும், இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் மிகக் குறைந்துவிடும். காற்றுக் குழாயை நம்பி நெருக்கமாக மீன் விட்டவர்க்கு மின்சாரத் தடை பெரும் அபாயம். 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்ததும், பல ஊர்களில் மின்சாரம் நின்றதும் நினைவிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரமின்றியும் பிழைக்கக்கூடிய அளவுக்கே மீன் வைத்திருப்பது விவேகம்.

5. இரை மிகுதி. மீன் எப்போதும் பசித்ததுபோல் மேலே வரும். அது பசியன்று, பழக்கம். இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவே, நாளொன்றுக்கு இருவேளை போதுமானது. குழந்தைகள் ஆளுக்கொரு பிடி போடுவதால் மடிந்த மீன்கள் நோயால் மடிந்தவற்றுக்குக் குறைந்தவையல்ல.

6. நஞ்சுகள். பயிருக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மனிதரைக் காட்டிலும் மீனுக்குப் பன்மடங்கு கொடியவை. லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் சில பங்கு கலந்தாலே மீன் மடியும். மருந்து கலக்கிய வாளி, பீப்பாய், விசைத்தெளிப்பான் அலம்பிய கை, தெளித்த வயலிலிருந்து காற்றில் வந்த தூவல், கொசுவை விரட்டும் மருந்துப் புகை, சோப்பு நீர் ஆகிய இவை கண்ணுக்குத் தெரியாமல் கொல்பவை. செப்புக் குடத்தில் நெடுநேரம் இருந்த நீரும் ஆகாது. மயில்துத்தமோ சொல்ல வேண்டியதேயில்லை.

7. நோய்கள். உடலில் உப்பிட்டதுபோன்ற வெண்புள்ளி, செதிலில் தொங்கும் நூல் போன்ற நங்கூரப்புழு, தட்டையான மீன்பேன், துடுப்பழுகல் ஆகியன பெரும்பாலும் புதிதாக வாங்கிய மீனோடு வருவன. இவை வெளிக்குத் தெரியும். அடையாளம் எதுவுமின்றி மடிவதற்கு முதலில் நோயைக் காரணமாகக் கொள்ளலாகாது.

மடிந்த விதத்தைக்கொண்டு காரணம் காணல்

வைத்தியன் நாடி பார்ப்பதுபோல, வளர்ப்பவர் ஐந்து கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எப்போது மடிந்தன? எத்தனை மடிந்தன? பெரியனவா, சிறியனவா? அதற்கு முந்தின இரண்டு நாளில் என்ன மாற்றம் செய்தோம்? மடியுமுன் எப்படி இருந்தன?

விடியற்காலையில் மடிந்து, முன்னதாக மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து காற்றை விழுங்கியிருந்து, பெரிய மீன்களே முதலில் மடிந்தால் அது பிராணவாயுக் குறைவு. நீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லாம் துள்ளிச் சுழன்று மடிந்தால் குளோரினோ பூச்சிமருந்தோ காரணமாகும். குழாய் நீரானால் முன்னது, பாத்திரம் புதியதானால் பின்னது என ஊகிக்கலாம். தொட்டி புதிதாக இருந்து, சில நாள் கழித்து ஒவ்வொன்றாகச் சோர்ந்து, அடியில் கிடந்து, செவுள் சிவந்து மடிந்தால் அம்மோனியா. செவுள் பழுப்பேறி, காற்று நிறைய இருந்தும் மூச்சுத் திணறினால் நைட்ரைட்டு. நெடுநாள் இருந்த மீன்கள் நலமாயிருக்க, புதிதாக வாங்கியவை மட்டும் மடிந்தால் பிரயாணக் களைப்போ நோயோ ஆகும்.

நீரைச் சோதிக்கும் சிறு பெட்டிகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன; அம்மோனியா, நைட்ரைட்டு, பி.எச். மூன்றையும் சில நிமிஷத்தில் காட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் காணப்படாத நீரே நல்ல நீர். முக்கியமாக ஒன்று: நீரைக் கொட்டுமுன் ஒரு சுத்தமான புட்டியில் மாதிரி எடுத்துவைக்க வேண்டும். கொட்டிய பின் சாட்சியம் போய்விடும்.

உடனே செய்யத் தக்கவை

மடிவு தொடங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடலாகாது. காரணம் அறியாமல் ஊற்றும் மருந்து நுண்ணுயிர்களையும் கொன்று நிலைமையைக் கெடுக்கும். செய்ய வேண்டியவை இவை:

இறந்தவற்றை உடனே அகற்றுக. இரையை இரண்டு நாள் நிறுத்துக. தங்கமீன் அதனால் சாவதில்லை. தெளிய வைத்த, ஏறக்குறைய அதே உஷ்ணமுள்ள நீரைக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு மாற்றுக. தேவையாயின் மறுநாளும் செய்க. காற்றுக் குழாயை இயக்குக. அது இல்லையேல் செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதும் பலன் தரும். நைட்ரைட்டு என்று தோன்றினால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், அதாவது 100 லிட்டருக்கு 100 கிராம், கல்லுப்பைக் கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியே உடலில் ஏறுவதைத் தடுக்கும். பூச்சிமருந்து எனச் சந்தேகித்தால் மட்டும் தாமதமின்றி மீன்களை வேறு நீருக்கு மாற்றி, தொட்டியை முழுதும் அலம்ப வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு

மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி சுமார் 80 லிட்டர் கொள்ளும். அதற்கு நான்கு சிறு மீன்களே கணக்கு. முதலில் ஒன்றிரண்டு விட்டு, குறைவாக இரையிட்டு, ஆறு வாரம் சென்றபின் மற்றவற்றைச் சேர்க்க. நன்றாக நடக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லோ வடிகட்டும் பஞ்சோ கொண்டுவந்து போட்டால், தயிருக்கு உறை ஊற்றியதுபோல நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். பஞ்சைக் கழுவுங்கால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுக. குழாய் நீரும் சோப்பும் கூடா. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீர் மாற்றுக, முழுதும் மாற்றற்க.

வாங்கி வரும்போதும் கவனம் வேண்டும். கொளத்தூரிலிருந்து திண்டிவனம் வரும் சில மணி நேரத்தில் பைக்குள் அம்மோனியாவும் கரியமிலவாயுவும் சேர்கின்றன. கரியமிலவாயுவால் நீர் சற்று அமிலமாக இருப்பதால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து நமது காரமான கிணற்று நீரை ஊற்றியவுடன் அதே அம்மோனியா விஷமாகிறது. ஆகவே பையைத் திறவாமல் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு உஷ்ணம் சமமானதும், மீனை வலையால் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்றற்க. புதிய மீன்களை இரண்டு மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின்பே பழையவற்றோடு சேர்ப்பது உத்தமம்.

குட்டைக்கும் ஏரிக்கும் இதுவே விதி

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் பண்ணைக்குட்டைக்காரரும், ஏரி மீன் பாசியைக் குத்தகை எடுத்தோரும் இக்கட்டுரை தமக்கன்று என எண்ணற்க. கோடையில் நீர் வற்றி, பச்சைப்பாசி படர்ந்து, விடியலில் பெரிய மீன்கள் மிதந்தால் அது மேலே சொன்ன பிராணவாயுக் குறைவே. முதல் மழையில் வயல் நீர் வழிந்து சேர்ந்த பின் சிறியவும் பெரியவும் ஒருங்கே மடிந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வேண்டும். அத்தகைய நீரைக் கால்நடைகள் பருகாமல் தடுப்பதும், மாதிரி எடுத்து மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பதும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் செய்யத் தக்க உபகாரம். செத்த மீனைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ எறியாது புதைக்க வேண்டும். வளர்க்கச் சலித்த தங்கமீனை ஏரியில் விடுதலும் தவறு. அது நோயையும் உடன்கொண்டு செல்லும்.

உதாரணத்தின் முடிவு

இனி நமது குடியானவரைப் பார்ப்போம். முதன்முறை மீன்களைக் கொன்றது புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு. இரண்டாம் முறை சுண்ணாம்பு நீங்கியிருந்தது; ஆனால் நுண்ணுயிர்கள் இல்லாத நீரில் ஐம்பது குஞ்சுகளின் கழிவு ஒரு வாரத்தில் விஷமாயிற்று. மூன்றாம் முறை பத்தே விட்டதால் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகின, மீன்களும் பிழைத்தன. அவற்றை மாய்த்தது நீர் சேர்க்க எடுத்த பீப்பாய். அதில்தான் சில நாள் முன்பு கத்தரிக்கு மருந்து கலக்கியிருந்தனர். இருமுறை அலம்பினோம் என்ற தைரியத்தில் அதனையே எடுத்தனர்.

இதனால் அவர் பத்து மீன்களை இழந்தார். ஆனால் அதே பீப்பாயில் மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ, வீட்டுக்கு நீர் சுமக்கவோ இருந்தனர் என்பதை நினைத்தால், அம்மீன்கள் தம் உயிரைக் கொடுத்து அக்குடும்பத்துக்கு ஓர் எச்சரிக்கை செய்தன எனலாம். மருந்து கலக்கும் பாத்திரம் மருந்துக்கே உரியதாக இருக்கட்டும்; அதற்கு ஒரு சிவப்புக் கோடு இட்டு, தனியே பூட்டி வைத்தல் நலம். மீன் மடிந்தால் ராசியை நோகாது நீரை நோக்குக.